ஓரமாத்தான் டீச்சர் போனேன்

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவியைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பில் அவள் நடுத்தரம். நான் புகழ வந்தது அவள் சைக்கிள் ஓட்டும் விதத்தை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர். முதல் மூன்று கிலோமீட்டர் கண்மாய்க்கரையை ஒட்டிப் போகும் ஊராட்சி ரோடு, மீதி நான்கும் நான்கு வழிச் சாலை. கேரியரில் எட்டாவது படிக்கும் தம்பி உட்கார்ந்திருப்பான். முன்கூடையில் இரண்டு புத்தகப் பை, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு. பின்னால் வருவது என்ன வண்டி என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். பஸ் என்றால் முந்திய கையோடு இடதுபக்கம் ஒதுங்கி நிற்கப்போகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். டிப்பர் என்றால் ஜல்லி தெறிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நீளமான கண்டெய்னர் லாரி பக்கத்தில் கடக்கும்போது அதன் முன்பக்கக் காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளும். அடுத்த கணம் லாரியின் பக்கமாக இழுக்கும். தள்ளும்போது வலதுபக்கம் ஒரு துளி, இழுக்கும்போது இடதுபக்கம் ஒரு துளி என்று ஹேண்டிலைக் கொடுத்து அவள் நேர்கோட்டில் போகிறாள். நான் இயற்பியல் நடத்துகிறவள். காற்றின் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி இரண்டு பீரியட் போகும். அவள் அதை மணிக்கட்டில் வைத்திருக்கிறாள்.

எந்த இடத்தில் மணல் கொட்டிக் கிடக்கிறது, எங்கே லாரி டயரின் ரப்பர் துண்டு விழுந்து கிடக்கிறது, எந்த தாபாவின் முன்னால் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே லாரிகள் நிற்கும், அவற்றைச் சுற்றிக்கொண்டு போக எவ்வளவு தூரத்துக்கு முன்பே காது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வயது பதினாறுகூட ஆகவில்லை. இவ்வளவு கவனத்தை, இவ்வளவு துல்லியத்தை நான் வேறு எந்த மாணவரிடமும் பார்த்ததில்லை. இதை மனதார எழுதுகிறேன்.

போன மாதம் அவள் விழுந்தாள். தாபா முன்னால் நின்ற லாரியைச் சுற்றிப் போக வலதுபக்கம் எடுத்திருக்கிறாள். பின்னால் வந்த கார் விடாமல் ஏர் ஹாரன் அடித்தது. அவசரமாக இடதுபக்கம் திருப்பினாள். மணலில் முன்சக்கரம் சறுக்கியது. தம்பி குதித்துத் தப்பினான். அவளுக்கு முழங்காலும் முழங்கையும் தோல் உரிந்து, உள்ளங்கையில் பொடிக்கல் ஏறியிருந்தது. எங்கள் ஓய்வறையில் உட்கார வைத்து டெட்டால் போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே வந்த ஒவ்வொருவரும் அவளைக் கேட்டது ஒரே கேள்வி: “ஓரமாப் போயிருக்கலாம்ல?” ஒவ்வொருவருக்கும் அவள் சொன்னது ஒரே பதில்: “ஓரமாத்தான் டீச்சர் போனேன்.” நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் அதன் அநியாயம் எனக்கு உறைத்தது. கைகால் எரிந்துகொண்டிருந்த பிள்ளை, தான் குற்றம் செய்யவில்லை என்று நான்கு பேரிடம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள்.

சைக்கிள்காரருக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரே சாலை விதி அதுதான். ஓரமாப் போ. அப்பா சொல்கிறார், பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு சொல்கிறார், வகுப்பில் நாங்கள் சொல்கிறோம். சட்டம் சொல்வது இடதுபக்கம் போ என்றுதான். இடதுபக்கம் என்பது வேறு, விளிம்பு என்பது வேறு. ரோட்டின் விளிம்பில்தான் எல்லாக் கழிவும் வந்து சேர்கிறது. மழைநீர் அங்கேதான் ஓடுகிறது, மணலும் கண்ணாடித் துண்டும் அங்கேதான் ஒதுங்குகின்றன. சாக்கடை மூடி அங்கே இருக்கிறது. தார் மேல் தார் போட்டு உயர்ந்துவிட்ட ஊராட்சி ரோட்டுக்கும் பக்கத்து மண்ணுக்கும் இடையே ஒரு சாண் பள்ளம் இருக்கும். அதில் சக்கரம் ஒருமுறை இறங்கினால், மேலே ஏற்றப் பார்க்கும்போது விளிம்பிலேயே உரசிக்கொண்டு வரும், ஏறாது. ஆள்தான் ரோட்டுப் பக்கமாக விழுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. விளிம்பை ஒட்டிப் போகிற சைக்கிளைப் பார்த்ததும், பின்னால் வருபவருக்கு அதே தடத்திலேயே உரசிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போகிற சைக்கிளைப் பார்த்தால், முந்துவதற்கு அவர் வலதுபக்கம் நகர்ந்தே ஆக வேண்டும். நகர முடியாவிட்டால் காத்திருப்பார். அமெரிக்காவில் ஜான் ஃபாரஸ்டர் என்பவர் 1970களில் இதையே பிடிவாதமாக வாதாடினார்: சைக்கிள் ஓட்டுபவரும் வண்டி ஓட்டுபவர்தான், அவர் அப்படி நடந்துகொண்டு, மற்றவர்களும் அவரை அப்படி நடத்தினால் அவருக்கு அதுவே பாதுகாப்பு. பிரிட்டனில் ஜான் ஃபிராங்க்ளின், தடத்தின் நடுவில் எப்போது போவது, சற்றே இடதாக எப்போது ஒதுங்குவது என்று புத்தகமாகவே எழுதினார்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு இது பொருந்துகிறது. நானே ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவு திறக்கிற அளவு தள்ளி, இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிக்குள் புகுந்து புகுந்து வெளியே வராமல், ஒரே கோட்டில் போனால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோ நம்மை முன்கூட்டியே பார்க்கிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தந்தேன். கடைத்தெருவில் கார் 30 கிலோமீட்டரில் வருகிறது, சைக்கிள் 15-ல் போகிறது. நூறு மீட்டர் பின்னால் வரும் கார் நம்மை எட்ட 24 நொடி ஆகும். பார்க்க, யோசிக்க, விலக அது தாராளம்.

நான்கு வழிச் சாலைக்கு இதே கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு வார்த்தை நின்றது. அங்கே கார் 80-ல் வருகிறது. அதே நூறு மீட்டருக்கு ஐந்தரை நொடி. ஓட்டுநர் அதில் இரண்டு நொடி போனைப் பார்த்தால் மீதி மூன்றரை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அந்தச் சாலையில், தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும் பெண்ணிடம், தடத்துக்குள் ஒரு மீட்டர் தள்ளிப் போ, உன் உரிமையை எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஃபாரஸ்டரின் வாதம் உடல்வலுவுள்ள, பழகிய ஆளுக்கு, வேகம் குறைந்த தெருவில் சரி. இங்கே அவள் ஓரமாகப் போனாலும் தவறு, உள்ளே போனாலும் தவறு. அவளுக்குச் சரியான இடம் அந்தச் சாலையில் போடப்படவே இல்லை.

அந்தச் சாலையைப் போட்டவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களையும் புகழவே செய்வேன். முன்பு எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம். இன்று 108 ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்கிறது. பிரசவ வலியோடு போன என் தங்கைக்கு அந்தச் சாலை உயிர் கொடுத்தது. வளைவுகளில் வண்டி வெளியே வீசப்படாமலிருக்க, ரோட்டின் ஒருபக்கத்தை எவ்வளவு உயர்த்த வேண்டுமோ அவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள். இரவில் எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமலிருக்க மீடியனில் அரளிச் செடி வளர்த்திருக்கிறார்கள். ஓட்டுநர் தூங்கிவிட்டால் எழுப்ப, சக்கரம் ஏறினால் கடகடவென்று அதிரும் தடித்த கோடு போட்டிருக்கிறார்கள். வேகமாகப் போகிறவருக்கு அடுத்த கணம் என்ன ஆகலாம், அவர் எங்கே தவறுவார், தவறினால் அவரை எப்படிக் காப்பது என்று அடிக்கு அடி யோசித்த வேலை அது. அக்கறையோடு யோசிக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை. அதனால்தான் எனக்கு ஆறவில்லை. யோசிக்கவே தெரியாதவர்கள் அவளை விட்டிருந்தால், தெரியாமல் விட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

தெரியாதவர்களும் இல்லை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சைக்கிள் பாதைகளுக்கென்று தனி நெறிமுறை எழுதியது 1962-ல். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சாலையில் மணிக்கு 200 மோட்டார் வண்டிக்கு மேல் போனால், நெரிசல் நேரத்தில் 100 சைக்கிள் போனாலே அங்கே தனி சைக்கிள் பாதை போடுவது நியாயம். நானும் பிள்ளைகளும் ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் நின்று எண்ணினோம். எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் சைக்கிள் நூறைத் தாண்டியது. மோட்டார் வண்டி இருநூறைத் தாண்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாலையில் மாட்டுவண்டி நிறைந்திருந்த காலத்தில், வரப்போகும் நாளை நினைத்து அந்த எண்ணை எழுதிவைத்தவர்களுக்கு என் வணக்கம். 2015-ல் அதைத் திருத்தி மேம்படுத்தியும் வெளியிட்டார்கள். 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. அதுவும் நல்ல கொள்கை. 1989-ன் சாலை விதிகளிலேயே, சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பாதையில் மோட்டார் வண்டி ஏறக் கூடாது என்று தெளிவாக இருந்தது. பாதை இருந்தால் அப்படி ஒரு விதி அவளைக் காக்கும்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்த்துச் சொன்னதை நாம் வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாகப் படிக்கிறோம். உன் வேல்கள் நெய் பூசி, அழகாக, காவல் நிறைந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவை முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வேல்கள் உண்மையிலேயே அழகாக இருந்தன. தமிழாசிரியை இதை நடத்துவதைப் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டபோது எனக்கு நினைவு வந்தது அந்த நெறிமுறைதான். நல்ல தாளில் அச்சாகி, அளவுகளும் படங்களுமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. எங்கள் பிள்ளையின் சைக்கிள் அன்று கடைத்தெருவில், முன்சக்கரம் கோணி, பஞ்சர் கடை வாசலில் கிடந்தது.

அந்த சைக்கிளும் அரசு கொடுத்ததே. இதைச் சொல்லும்போது என் குரல் தானாக மாறிவிடும்; அவ்வளவு நன்றி எனக்கு அதன்மேல் உண்டு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் வருகிற பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் சைக்கிள். எங்கள் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் நாளில், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் பிள்ளைகள் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்தாவதோடு நின்றுபோயிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் இந்த இரண்டு சக்கரத்தால் பிளஸ் டூ முடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சைக்கிள் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை இதற்கு முன்பே நாங்கள் பார்த்தவர்கள். என் அம்மா சைக்கிள் கற்றது புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில். ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே கலெக்டர். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. கல்குவாரியில் கல் உடைத்தவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் டீச்சர்களும் மைதானம் மைதானமாக விழுந்து எழுந்து கற்றார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்கள் பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பினார்கள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அம்மா ஓரமாகப் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. “அப்ப என்னடி, நாலு பொம்பளைங்க பேசிக்கிட்டு நடு ரோட்டுலதான் போவோம். பின்னாடி வர்றவன் பெல்லடிப்பான், வழி விடுவோம்” என்பாள். பெல்லுக்கு வழி விட நேரம் இருந்த ரோடு அது.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது அரசு. சைக்கிள் வாங்கிக்கொடுத்தது அரசு. பள்ளியை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்ததும் அரசு. மூன்றுக்கும் தனித்தனியே கைகூப்புகிறேன். இந்த மூன்று கைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

எதிர்த்திசையில் வருகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களை நான் வருடக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு எதிரே மீடியனில் திறப்பு கிடையாது. அடுத்த திறப்பு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. மேற்கே இருந்து வரும் பிள்ளை சட்டப்படி வந்தால், பள்ளியைத் தாண்டி அவ்வளவு தூரம் போய், திரும்பி, அதே தூரம் வர வேண்டும். மூன்று கிலோமீட்டர் கூடுதல். அதனால் முந்தைய திறப்பிலேயே குறுக்கே கடந்து, எதிர்த்திசையில் விளிம்போடு வருகிறார்கள். பெற்றோரும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள்: எதிரே வந்தால் வண்டி கண்ணுக்குத் தெரியும். நடந்து போகிறவருக்கு அது சரியான அறிவுரை. சைக்கிளுக்கு அது ஆபத்து. பின்னால் வரும் காரோடு வேக வித்தியாசம் 65. எதிரே வரும் காரோடு இரண்டு வேகமும் கூடி 95. அந்த நூறு மீட்டருக்கு நாலு நொடிகூட இல்லை. கிளை ரோட்டிலிருந்து ஏறும் வண்டிக்காரர் வலதுபக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஏறுவார். இடதிலிருந்து ஒரு பிள்ளை வருவது அவர் கணக்கில் இருக்காது. இவ்வளவும் தெரிந்த நான் அவர்களைத் திட்டினேன். மூன்று கிலோமீட்டர் கூடுதலாக மிதிக்கச் சொன்னேன், காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளிடம். இனி திட்ட மாட்டேன். திறப்பு வேண்டும், அல்லது பள்ளி வாசலில் சைக்கிளும் ஆளும் போகிற சுரங்கப்பாதை வேண்டும் என்று கேட்பேன்.

2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அரசே வெளியிட்ட எண் அது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஓர் அறையில், ஓரமாப் போயிருக்கலாமே என்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நெதர்லாந்தில் மாற்றம் இப்படிப்பட்ட எண்களிலிருந்துதான் தொடங்கியது. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள், நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் உட்கார்ந்தார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்று இயக்கத்துக்கே பெயர் வைத்தார்கள். அந்த இயக்கம் குழந்தைகளின் ஓட்டும் திறமையில் குறை தேடவில்லை. சாலையை மாற்றச் சொன்னார்கள். வேகம் குறைந்த தெருவில் கலந்து போ, வேகம் கூடிய சாலையில் பிரிந்து போ என்ற இன்றைய அவர்களுடைய ஏற்பாடு அங்கிருந்து வந்தது.

எங்களுக்கு இப்போதைக்கு வேண்டியது ஒரு பாலம். தாபாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓடைமேல் பழைய பாலம் ஒன்று இருக்கிறது. சாலையை அகலப்படுத்தியபோது அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அங்கே கொஞ்ச தூரத்துக்கு மட்டும் இருக்கும் சர்வீஸ் ரோடு பாலத்துக்கு முன்னால் முடிந்து, பாலத்துக்குப் பிறகு மறுபடி தொடங்குகிறது. நடுவில் உள்ள அந்தத் தூரத்துக்கு எல்லா சைக்கிளும் மேலே ஏறி வந்தாக வேண்டும். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்க முடிவெடுத்தோம். வெறும் கோரிக்கையாக எழுத வேண்டாம், அளந்து எழுதுவோம் என்று அவள்தான் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆய்வகத்து டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு பையன்கள் நூறு அடிக்குப் பின்னால் சிவப்புத் துணியோடு நின்றார்கள். தம்பி நோட்டு வைத்திருந்தான். அவள் முழங்காலில் கட்டோடு கைப்பிடிச் சுவரில் டேப்பின் ஒரு முனையை அழுத்திப் பிடித்தாள்; நான் மறுமுனையை வெள்ளைக்கோட்டில் வைத்தேன். ஓரமாப் போ என்று இத்தனை பேர் அவளுக்குச் சொன்ன இடத்தின் அகலம் அது.

“ஒன்றரை அடி, டீச்சர்.”

தம்பி எழுதிக்கொண்டான். பிறகு சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ஹேண்டில்பாரை ஒரு கைப்பிடி முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தாள். இரண்டு அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அதையும் அதற்குக் கீழேயே எழுதச் சொன்னாள்.